எலும்பு முறிந்தால்தான் வழக்கா? தாக்குதல் சட்டமும் அதன் குறைகளும்

சென்ற ஆண்டு ஒரு நாள் ஃபஜ்ர் தொழுகை முடிந்து பள்ளியிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். கடை ஒன்றில் மூட்டை இறக்கும் வேலை செய்பவர். இடது கன்னம் வீங்கியிருந்தது. சம்பள பாக்கியைக் கேட்டதற்காக முதலாளி கடைக்குள்ளேயே நான்கைந்து முறை அறைந்திருக்கிறார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன் ஹஜ்ரத். 'எலும்பு ஏதும் உடையலையே பாய், எழுதிக் குடுத்துட்டுப் போங்க, கூப்பிட்டுப் பேசுறோம்'னு சொல்லிட்டாங்க" என்று ஒரு ரசீதை நீட்டினார். அது சி.எஸ்.ஆர். ரசீது. முதல் தகவல் அறிக்கை அல்ல.

அந்தக் காவலர் அலட்சியமாகப் பேசினார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டும் சட்டப் புத்தகத்தைப் புரட்டியும் பார்த்தபோது, அவர் சொன்னதில் பெரும்பகுதி சட்டத்தில் உள்ளதுதான் என்று தெரிந்தது. அடி என்பதை நமது குற்றவியல் சட்டம் எப்படிப் பார்க்கிறது, அதில் எங்கே ஓட்டை இருக்கிறது, அடிபட்டவர் என்ன செய்ய முடியும் என்பதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடியின் படிநிலைகள்

1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறியுள்ளன. ஆனால் தாக்குதல் குறித்த அடிப்படைக் கட்டமைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அதை நான்கு படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் படி, தாக்க முனைவது. கை மேலே படவே வேண்டியதில்லை. இப்போது அடிக்கப் போகிறான் என்று எதிரே நிற்பவர் அஞ்சும்படி கையை ஓங்கினாலே 130ஆவது பிரிவின்படி அது தாக்குதல்தான். ஆனால் வெறும் வார்த்தை மட்டும் தாக்குதல் ஆகாது.

இரண்டாவது படி, ஒருவருடைய சம்மதமின்றி அவரைத் துன்புறுத்தவோ அச்சுறுத்தவோ அவர் மீது பலத்தைப் பயன்படுத்துவது. சட்டையைப் பிடித்து இழுப்பது, தள்ளிவிடுவது போன்றவை இதில் அடங்கும். ஆங்கிலேயச் சட்டம் 'பேட்டரி' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இந்த இரண்டு படிகளுக்கும் 131ஆவது பிரிவின்படி அதிகபட்சம் 3 மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

மூன்றாவது படி, காயம். உடல் வலி, நோய், உடல் இயலாமை ஆகியவற்றில் எதை ஏற்படுத்தினாலும் அது காயம். ரத்தம் வரவேண்டும் என்பதில்லை, வலித்தாலே போதும். வேண்டுமென்றே காயப்படுத்தினால் 115(2)ஆவது பிரிவின்படி அதிகபட்சம் ஓர் ஆண்டுச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நான்காவது படி, கொடுங்காயம். கண் பார்வையோ ஒரு காதின் கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போவது, உறுப்பை இழப்பது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, எலும்போ பல்லோ முறிவது, உயிருக்கு ஆபத்து ஏற்படுவது என்று 116ஆவது பிரிவு 8 வகைகளைப் பட்டியலிடுகிறது. இதற்கு 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இவை தவிர ஆயுதத்தால் தாக்குவது, அமிலம் வீசுவது போன்றவற்றுக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

பார்ப்பதற்கு ஒழுங்காக அடுக்கிவைத்த ஏணி போலத்தான் தெரிகிறது. சிக்கல் நடைமுறையில்தான் தொடங்குகிறது.

முதல் குறை: அடிக்கு வழக்கில்லை, திட்டுக்கு வழக்குண்டு

குற்றங்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடியவை ஒரு வகை. வக்கீல்கள் இவற்றைக் 'காக்னிசபிள்' குற்றங்கள் என்பார்கள். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாதவை மற்றொரு வகை. முதல் வகைக் குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

ஆனால் சாதாரணக் காயம் இரண்டாவது வகையில் இருக்கிறது. அறைந்தாலும் உதைத்தாலும் முகத்தில் குத்தினாலும், எலும்பு உடையாதவரை, ஆயுதம் இல்லாதவரை, போலீஸ் செய்யவேண்டியது புகாரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வது மட்டுமே. அன்றாட வாழ்வில் நாம் காணும் அடிதடிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இதனால் ஒரு விசித்திரமான பழக்கம் உருவாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் அடிதடி வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைப் பார்த்தவர்களுக்கு '294(பி), 323, 506(2)' என்ற வரிசை மனப்பாடமாகவே இருக்கும். இன்றைய எண்களில் 296(பி), 115(2), 351(3). அதாவது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினார், அடித்தார், மிரட்டினார். இந்த மூன்றும் ஏன் எப்போதும் சேர்ந்தே வருகின்றன?

அடித்ததற்காக மட்டும் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதற்குப் போடலாம். ஒரு வழக்கில் ஒரு குற்றம் காக்னிசபிளாக இருந்தால் மற்றவற்றையும் அதனுடன் சேர்த்து விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே வழக்குப் பதிய மனமிருந்தால் திட்டு சேர்ந்துகொள்ளும். மனமில்லாவிட்டால் விடுபட்டுப் போகும். ஆபாசமாகத் திட்டுவதற்குத் தண்டனை 3 மாதம்தான். வழிமறிப்பதற்கு ஒரு மாதம்தான். இவ்விரண்டையும் போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம். ஓர் ஆண்டுத் தண்டனை உள்ள அடியை விசாரிக்க முடியாது.

இதன் விளைவு என்ன? உண்மையாகவே அடிவாங்கியவர்கூடத் தன் புகாரில் சொல்லப்படாத கெட்ட வார்த்தைகளைச் சேர்த்து எழுத நேர்கிறது. நீதிமன்றத்தில் அந்தப் பொய் உடையும்போது அதனுடன் சேர்ந்து உண்மையும் விழுகிறது. இன்னொன்று, திட்டுக்கான பிரிவு பொது இடத்துக்குத்தான் பொருந்தும். வீட்டுக்குள் அடிபடும் வயதான தாய்க்கும், கதவடைத்த அறைக்குள் அடிபடும் வேலைக்காரப் பெண்ணுக்கும் அந்தக் குறுக்குவழியும் இல்லை. கணவர் வீட்டாரின் கொடுமைக்கு 85ஆவது பிரிவும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் மகனிடம் அடிவாங்கும் தகப்பனார் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடுதான் திரும்பவேண்டியிருக்கும்.

இரண்டாவது குறை: எலும்புக் கணக்கு

சாதாரணக் காயத்துக்கும் கொடுங்காயத்துக்கும் நடுவில் சட்டம் போட்டிருக்கும் கோடு மிகப் பழையது. ஒரு பல் முறிந்தால் 7 ஆண்டு வரை தண்டனை. அரை மணி நேரம் ஒருவரைக் கீழே தள்ளி மிதித்து, உடல் முழுக்கக் கன்றிப்போனாலும் எதுவும் முறியாவிட்டால் ஓர் ஆண்டு. இடையில் படிகளே இல்லை.

பட்டியலின் கடைசி வகை ஓரளவு இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது. கடுமையான வலியோடோ அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமலோ 20 நாட்கள் இருந்தால் அது கொடுங்காயம் என்பது பழைய சட்டம். புதிய சட்டம் அதை 15 நாட்களாகக் குறைத்திருக்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால் அதை நிரூபிக்க மருத்துவரின் தெளிவான குறிப்பு வேண்டும். கூலி வேலை செய்பவர் 15 நாள் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. வலியோடு நான்காம் நாளே வேலைக்குப் போய்விடுவார். அவர் வேலைக்குப் போனதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மனக் காயத்தின் நிலை இன்னும் மோசம். பலர் முன்னால் அறைவாங்கியவருக்கு வலி ஒரு மணி நேரத்தில் போய்விடும். அவமானம் போவதில்லை. தூக்கமின்மை, பயம், வெளியே வரத் தயக்கம் ஆகியவற்றுக்கு 116ஆவது பிரிவின் பட்டியலில் இடமில்லை. இங்கிலாந்தில் 1997இல் பிரபுக்கள் சபை, தொடர்ந்து தொலைபேசியில் அழைத்துப் பேசாமல் இருந்து ஒருவரை மனநோய்க்கு ஆளாக்கியதையும் உடல் தீங்காகவே ஏற்றுக்கொண்டது. அங்கும் 1861ஆம் ஆண்டின் பழைய சட்டம்தான். ஆனாலும் அந்த அளவுக்கு விரிந்திருக்கிறது. நமக்கு 2023இல் புதிதாக எழுதும் வாய்ப்புக் கிடைத்தது. பயன்படுத்திக்கொள்ளவில்லை.

அபராதத் தொகையும் அப்படியே. தாக்க முனைவதற்கு 1860இல் 500 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் காலத்தில் 500 ரூபாய் பெரும் தொகை. 163 ஆண்டுகள் கழித்து அதை 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். வசதி உள்ளவருக்கு அது ஒரு வேளை ஓட்டல் செலவு.

மூன்றாவது குறை: அடித்த கை யாருடையது?

பணியில் இருக்கும் அரசு ஊழியரைக் காயப்படுத்தினால் 121(1)ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் 3 ஆண்டாக இருந்ததைக் கூட்டியிருக்கிறார்கள். அரசு ஊழியர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அதே அரசு ஊழியர் ஒரு குடிமகனை அறைந்தால், அது மற்றவர் அறைந்ததைப் போன்ற சாதாரணக் காயம்தான். வாக்குமூலம் வாங்குவதற்காக அடித்தால் 7 ஆண்டு என்று 120ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் வழக்கை நடத்த அரசின் முன் அனுமதி தேவையா என்ற வாதமே பல ஆண்டுகளைத் தின்றுவிடும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை. உறுதி செய்யவேண்டும் என்று சட்ட ஆணையம் 2017இல் தன் 273ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தும் தனிச் சட்டம் வரவில்லை.

கும்பல் தாக்குதலையும் பாருங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் கும்பல் வன்முறைக்குத் தனிச் சட்டம் தேவை என்று சொன்னது. அதன் பிறகு வந்த புதிய சட்டத்தின் 117(4)ஆவது பிரிவு, 5 அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களுக்காகக் கொடுங்காயம் ஏற்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தண்டனை 7 ஆண்டு வரை. தனியாள் ஒருவர் சொந்தப் பகையில் கொடுங்காயம் ஏற்படுத்தினாலும் அதே 7 ஆண்டுதான். அப்படியானால் கும்பல் என்பதற்குச் சட்டம் கொடுத்த கூடுதல் எடை என்ன? அந்தப் பட்டியலில் 'மதம்' என்ற சொல்லும் நேரடியாக இல்லை. 'சமூகம்', 'நம்பிக்கை' என்ற சொற்களுக்குள் அது அடங்கும் என்று வாதாட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, நமக்கே கசப்பான ஒன்று: குழந்தைகள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. ஆனால் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருக்கின்றன. பாடத்திட்டச் சுதந்திரத்துக்காக நாம் கேட்டுப் பெற்ற விலக்கு, பிரம்புக்கும் நிழல் கொடுத்துவிடக் கூடாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்துவோர் எவரையும் தண்டிக்கும். உஸ்தாதும் அதில் அடக்கம். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று பெற்றோர் சொல்வது சட்டப்படி அனுமதி ஆகாது. பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு முறைகூட 'சீ' என்று சொன்னதில்லை என்பதை மிம்பரில் சொல்கிற நாம், மக்தபில் பிரம்பை எடுக்கும்போது அதை நினைக்க வேண்டும். நானும் அடிவாங்கி ஓதியவன்தான். ஓதியது நினைவிருப்பது அடியால் அல்ல.

நான்காவது குறை: அடிபட்டவருக்கு என்ன கிடைக்கிறது?

1860க்கு முன் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் கம்பெனி நீதிமன்றங்கள், பல திருத்தங்களோடு, இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தைத்தான் பின்பற்றின. அந்த ஃபிக்ஹு நூல்களில் காயங்களின் பாடம் மிக விரிவானது. தலைக்காயத்தில் தோல் கீறியதா, சதை கிழிந்ததா, எலும்பு தெரிந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. எலும்பு தெரியும் காயத்துக்கு 5 ஒட்டகம், ஒரு விரலுக்கு 10 ஒட்டகம் என்று ஈட்டுத் தொகையும் உண்டு. அளவு சொல்லப்படாத சிறு காயங்களுக்கு நீதிபதி மதிப்பிட்டு முடிவு செய்வார். தழும்பே இல்லாத அறைக்கு என்ன செய்வது என்பதில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருந்தது. சரிசமமாகத் திருப்பி அடிக்க முடியாது என்பதால் நீதிபதியின் தண்டனைக்கு விடவேண்டும் என்றார்கள் பெரும்பாலோர். இல்லை, அறைக்கும் கிஸாஸ் உண்டு என்று இப்னுல் கய்யிம் போன்றோர் வாதிட்டார்கள்.

அந்தச் சட்டத்தை இன்று கொண்டுவர வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் ஒரு அம்சம் கவனிக்கத்தக்கது: காயத்தின் விலை காயம்பட்டவருக்குப் போனது. பின்னர் வந்த தண்டனைச் சட்டத்தில் அபராதம் அரசுக்குப் போனது. அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395ஆவது பிரிவு. இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று 1988இல் ஹரி சிங் வழக்கிலும், ஒவ்வொரு வழக்கிலும் இழப்பீடு பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும் என்று 2013இல் அங்குஷ் கெய்க்வாட் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படித் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்ததே, நடைமுறை எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது. அமில வீச்சில் மட்டும்தான், சிகிச்சைச் செலவுக்குப் போதுமான அபராதம் விதித்து அதைப் பாதிக்கப்பட்டவருக்கே கொடுக்கவேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

நீதிமன்றத்தில் ஒன்றும் கிடைக்காது என்பதால்தான் காவல் நிலையத் திண்ணையிலும் ஜமாஅத் அலுவலகத்திலும் சமாதானம் பேசி முடிக்கிறோம். சாதாரணக் காயத்தை அடிபட்டவரே சமரசம் செய்துகொள்ளச் சட்டமும் அனுமதிக்கிறது. மன்னிப்பு நல்லதுதான். ஆனால் மன்னிக்க மறுக்கும் வசதி இருப்பவர் மன்னித்தால்தான் அது மன்னிப்பு. நான் ஆரம்பத்தில் சொன்ன இளைஞருக்கும் அவருடைய முதலாளிக்கும் நானே நடுவில் உட்கார்ந்து சமாதானம் செய்துவைத்தேன். சம்பள பாக்கியும் கொஞ்சம் பணமும் கிடைத்தது. எல்லோரும் கைகொடுத்துப் பிரிந்தோம். மூன்று வாரம் கழித்து அவர் இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை என்றார். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னாராம். அறைந்த அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காது கேட்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை.

என்ன மாற வேண்டும்?

சாதாரணக் காயத்தைப் போலீஸ் நேரடியாக விசாரிக்கும் குற்றமாக்கினால், சிறு தகராறுக்கெல்லாம் கைது நடக்கும், எதிர்வழக்குகள் பெருகும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் விசாரணையும் கைதும் ஒன்றல்ல. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. கைது இல்லாமல் விசாரணை என்று அடிக்கும் ஒரு வழி செய்யலாம். சாதாரணத்துக்கும் கொடுமைக்கும் நடுவில் ஒரு படி, மனக் காயத்துக்கு இடம், அதிகாரத்தைப் பயன்படுத்தி அடிப்பவருக்குக் கூடுதல் தண்டனை, அடிபட்டவருக்கு உறுதியான இழப்பீடு ஆகியவையும் வேண்டும்.

அதுவரை நாம் செய்யவேண்டியவை

1. அடிபட்டவுடன் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். யார், எதனால், எப்போது அடித்தார் என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்து அதன் நகலைக் கேளுங்கள். தலை, காது, கண், வயிறு ஆகியவற்றில் அடி என்றால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் பரிசோதனை அவசியம்.

2. காயத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மருந்துச் சீட்டு, வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

3. புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். வழக்கு வலுப்படும் என்று நடக்காததைச் சேர்க்காதீர்கள்.

4. காக்னிசபிள் குற்றத்துக்கும் வழக்குப் பதியாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சாதாரணக் காயத்துக்கு மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகத் தனிப் புகார் கொடுக்கலாம். புதிய சட்டப்படி எதிர்த்தரப்புக்கும் பேச வாய்ப்பளித்த பிறகே வழக்கு ஏற்கப்படும் என்பதால் பொறுமை வேண்டும்.

5. ஓர் ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலக்கெடுவும் ஓர் ஆண்டுதான். பேசிப் பேசி அதைக் கடத்திவிடாதீர்கள்.

6. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் என்னைப் போன்ற இமாம்களுக்கும் ஒரு வார்த்தை. சமாதானம் பேச உட்காரும் முன் அடிபட்டவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் கையில் காகிதம் வந்த பிறகு பேசுங்கள். அப்போதும் அவர் மன்னிக்க விரும்பினால் மன்னிக்கட்டும். அந்த இளைஞர் விஷயத்தில் நான் செய்யத் தவறியது இதுதான்.